ஃபேஸ்புக் பக்கத்தில் ரீச் இல்லை: சொந்தத் தளம் தொடங்கலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை வட்டாரத்தில் ஆறு வருடமாக ஃபேஸ்புக்கில் ஊர்ச் செய்திப் பக்கம் நடத்துகிறேன். அணை நீர்மட்டம், ரப்பர் விலை, கோயில் கொடை, சர்ச் திருவிழா, மரண அறிவிப்பு எல்லாம் போடுவேன். இப்போது முன்பு பார்த்தவர்களில் பாதிப் பேருக்குக்கூடப் பதிவு போய்ச் சேர்வதில்லை. நண்பர்கள் யூடியூபுக்கு மாறச் சொல்கிறார்கள். மகன் வெப்சைட் தொடங்கச் சொல்கிறான். எதைச் செய்வது? செலவு எவ்வளவு, வருமானம் வருமா?

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் ரீச் கூடும் என்பதற்காக அல்ல. தளம் தொடங்கினால் முதல் வருடம் ஃபேஸ்புக்கில் வருவதைவிடக் குறைவான ஆட்களே வருவார்கள். அதைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

நண்பர்கள், உறவினர்கள் இடும் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று ஃபேஸ்புக் 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. செய்திப் பக்கங்களின் ரீச் சரிந்ததில் அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் உழைப்பில் குறை கண்டு எடுத்த முடிவு இல்லை அது. உங்களைக் கேட்டும் எடுக்கவில்லை. அடுத்தவர் இடத்தில் கட்டியது மொத்தமாகப் போனதும் உண்டு. பலர் இலவசமாக வெப்சைட் வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009-ல் மூடியது. ஆர்குட் 2014-லும் கூகுள் பிளஸ் 2019-லும் போயின. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்குக்குத் தடை வந்தபோது, நம்மூர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சேர்த்து வைத்திருந்த பார்வையாளர் கூட்டம் ஓரிரு நாளில் இல்லாமல் போனது. யூடியூபுக்கு மாறினாலும் நிலைமை இதேதான். வீடியோ போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலப்பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும் என்கிறேன்.

அது ஏன் முக்கியம் என்பதற்கு நீங்கள் போடும் பேச்சிப்பாறை அணை நீர்மட்டத்தையே எடுத்துக்கொள்வோம். முழு அளவு 48 அடி, இன்று இவ்வளவு என்று ஒரு வரி. மறுநாள் அது பழைய செய்தி. ஆனால் ஜூனில் கன்னிப்பூ எனப்படும் முதல் போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் சமயத்தில் சானலின் கடைமடையில் வயல் வைத்திருப்பவருக்குத் தேவைப்படுவது, போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் இதே தேதியில் அணையில் எவ்வளவு கிடந்தது என்ற கணக்கு. 2021 நவம்பர் வெள்ளத்தின்போது பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் நாளுக்கு நாள் எப்படி ஏறின என்பதையும் நீங்கள் போட்டிருப்பீர்கள். இப்போது அதை உங்கள் பக்கத்தில் தேடி எடுத்துப் பாருங்கள். கீழே தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்துவிடும். கூகுளில் தேடினாலும் கிடைப்பது அரிது. அதே எண்களை மாதத்துக்கு ஒரு பக்கமாக, தேதிவாரியாக உங்கள் தளத்தில் அடுக்கியிருந்தால், மாவட்டத்து விவசாயிகளும் நிருபர்களும் உங்களைத் தேடி வருவார்கள். ஊர்ச் செய்தி நடத்துகிறவரின் சொத்து இந்தப் பழைய பதிவுகள்தான். ஃபாலோயர் எண்ணிக்கையைவிட இதைப் பெரிதாக மதிக்கிறேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். செய்தியைப் படமாக டிசைன் செய்து, அதற்குள்ளேயே எல்லா எழுத்தையும் அடைத்துப் போடும் பழக்கத்தை விடுங்கள். வளைகுடாவில் இருக்கும் ஒருவர் ஊர்ப் பெரியவர் ஒருவரின் பெயரைப் போட்டுத் தேடும்போது, படத்துக்குள் இருக்கும் பெயர் பெரும்பாலும் சிக்காது. பார்வையற்றவர்களின் போன் அதைச் சரியாக வாசித்துக் காட்டுவதும் இல்லை. படம் இருக்கட்டும், கீழே அதே விவரத்தை யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்யுங்கள். மரண அறிவிப்பில் அடக்கம் நடக்கும் இடமும் நேரமும் போதும். வீட்டாரின் போன் நம்பரை என்றைக்கும் கிடக்கும்படி விடாதீர்கள்.

செலவைப் பொறுத்தவரை, டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும். உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் கார்டில் வாங்குங்கள். வெப்சைட் செய்து தரும் கடைக்காரர் "நானே எடுத்துத் தர்றேன்" என்று அவர் பெயரில் பதிந்துவிட்டு, பிறகு போனை எடுக்காமல் போகும் கதை நம் மாவட்டத்திலும் உண்டு. தளத்துக்குத் தொடக்கத்தில் கூகுளின் பிளாக்கரே போதும். இலவசம், சொந்த டொமைனை இணைக்கலாம், எழுதியதை மொத்தமாக இறக்கி வேறிடம் கொண்டுபோகவும் வழியிருக்கிறது. பிறகு தேவைப்பட்டால் வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறலாம். தளத்தை வைக்கும் சர்வர் இடத்துக்கான வாடகை, அதாவது ஹோஸ்டிங் செலவு, அப்போதுதான். பதிவின் லிங்கைத் தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக நாலைந்து வரிக்கு நீண்டு, பார்ப்பவர் ஏதோ மோசடி லிங்க் என்று பயந்துவிடுவார். ஊர்ப் பெயரும் தேதியும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக இருக்கட்டும்.

ஃபேஸ்புக் பக்கத்தை மூட வேண்டாம். முதலில் தளத்தில் போடுங்கள், பிறகு சுருக்கத்தையும் லிங்கையும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் சேனலிலும் பகிருங்கள். நம் வாசகர்கள் ஈமெயில் திறப்பது குறைவு, வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். ஆறு வருடப் பதிவுகளையும் இந்த வாரமே இறக்கி வையுங்கள். ஃபேஸ்புக் செட்டிங்ஸில் அதற்கு வசதி இருக்கிறது. இறக்கும்போது ஹெச்டிஎம்எல் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜேசன் வடிவத்தில் எடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் புரியாத குறிகளாகச் சிதைந்து வரும், சரிசெய்ய ஒரு புரோகிராமர் தேவைப்படுவார்.

வருமானம்? தளங்களில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018-லிருந்து தமிழை ஏற்கிறது. 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். ஓர் ஊர்த் தளத்துக்கு அதற்குப் பல மாதம் பிடிக்கலாம். மார்த்தாண்டம் ஜவுளிக் கடை, நாகர்கோவில் நகைக் கடை, தோவாளைப் பூ வியாபாரி என்று நேரில் போய்க் கேட்கும் விளம்பரம் இதைவிடக் கை கொடுக்கும். வாங்கினால் மேலே "விளம்பரம்" என்று தெளிவாக எழுதுங்கள். காசு வாங்கிய கடையைச் செய்தி போலப் புகழ்ந்து எழுதினால், உங்கள் அணைக் கணக்கையும் சந்தேகப்படுவார்கள்.

கடைசியாக, டொமைன் புதுப்பிக்கும் தேதியையும் கணக்குகளின் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி மகனிடம் கொடுத்து வையுங்கள். முடிந்தால் மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். தேதி தவறிய டொமைனை வேறொருவர் எடுத்துக்கொண்டால், நீங்கள் பகிர்ந்த அத்தனை லிங்க்கும் அவர் தளத்துக்குத்தான் போகும்.