ஓவர்ஹால் செய்த மோட்டாரில் எண்ணெய் மேலே ஏறுகிறதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டை அடுத்த செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தமது பழைய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளை 480 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஓவர்ஹால் செய்தார், அதாவது எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சீராக்கிப் பூட்டினார். ஓட்ட வேண்டிய மகன் வேலைக்காக ஷா ஆலம் போய்விட்டதால், இரண்டு முறை மட்டும் முடுக்கிப் பார்த்துவிட்டு இரண்டு மாதம் வீட்டிலேயே நிறுத்தி வைத்தார். தோட்டத்து மோட்டார்களைப் பட்டணத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவர் இப்போது வந்து, "ஆயில் பிரஷரை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், பெரிய ஆயில் பம்ப் போடாவிட்டால் எஞ்சின் இறுகி நின்றுவிடும்" என்று சொல்லி 180 வெள்ளி கேட்கிறாராம். கொடுக்கலாமா என்பது கேள்வி.

கொடுக்க வேண்டாம். ஆனால் எண்ணெய் எஞ்சினின் தலைக்கு ஏறுகிறதா என்று பார்க்காமல் மோட்டாரை ஓட்டவும் வேண்டாம்.

உங்கள் மோட்டாரில் ஆயில் பிரஷர் மீட்டரும் இல்லை, அதற்கான எச்சரிக்கை விளக்கும் இல்லை. இதைக் குறை என்று எண்ண வேண்டாம். காரின் கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தபடி சுழல்வது; அந்தப் படலத்துக்கு எண்ணெய் அழுத்தத்தோடு வந்துகொண்டிருக்க வேண்டும். உங்கள் எஞ்சினின் கிராங்க் உருளைகளும் குண்டுகளும் உள்ள பேரிங்கில் சுழல்வதால், அதற்கு உயர்ந்த அழுத்தம் தேவையில்லை, எண்ணெய் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால் போதும். அழுத்தம் என்பது ஓடுகிற எண்ணெய்க்கு எதிரே உள்ள தடையைக் காட்டும் எண் என்பதால், வழி அடைபட்டிருந்தாலும் அடைப்புக்கு முன்னால் வைத்த மீட்டரில் முள் உயரத்தான் செய்யும். மீட்டர் நல்ல அளவைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, சிலிண்டரை மூடியிருக்கும் தலைப்பகுதியில் கேம் (வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டு) காய்ந்து தேய்ந்துகொண்டிருக்கலாம். ஆகவே எண்ணெய் தலைக்கு ஏறுகிறதா என்பதைக் கண்ணால் பார்ப்பதே உங்களுக்கு உரிய சோதனை.

அதை நீங்களே செய்யலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் அளவைச் சரிபாருங்கள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பிறகு ஊற்ற வேண்டிய அளவு, வழக்கமாக எண்ணெய் மாற்றும்போது ஊற்றுவதைவிடக் கூடுதலானது என்பதைப் பல பட்டறைகள் மறந்துவிடுகின்றன. பிறகு, தலையின் மேல்பக்கம் உள்ள தப்பெட் மூடியை (வால்வு இடைவெளியைச் சரிசெய்யத் திறக்கும் மூடி) 17 எண் ஸ்பேனரால் கழற்றி, சுற்றிலும் துணி வைத்துக்கொண்டு, மோட்டாரை முடுக்கி மெதுவான ஓட்டத்தில் விட்டு, டார்ச் விளக்கால் உள்ளே பாருங்கள். கேம் தள்ள வால்வை அழுத்தும் ராக்கர் கையின்மேல் எண்ணெய் புதிதாக வழிந்து பளபளக்க வேண்டும்; கொஞ்சம் வெளியிலும் தெறிக்கும். ஒரு நிமிடத்திற்குள் அப்படி வராவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் முறுக்கினால் வரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். யமஹாவின் பல மோட்டார்களில் இதற்கென்றே தலையில் ஒரு போல்ட் உண்டு. அதைச் சற்றுத் தளர்த்தினால் எண்ணெய் கசிந்து காட்டிவிடும்.

உங்கள் நிலைமையில் மட்டும் முடுக்குவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. பல மாதம் ஓடிப் பழகிய எஞ்சினைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தால், உறுப்புகளில் பழைய எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும், பம்பிலும் எண்ணெய் மிஞ்சியிருக்கும். புதிதாகப் பூட்டி, சரியாக ஓடாமலே நின்றுவிட்ட எஞ்சின் அப்படியல்ல. பூட்டும்போது தடவிய எண்ணெய் மட்டுமே அதில் இருந்தது, அதுவும் இந்த இரண்டு மாதத்தில் வடிந்திருக்கும். பம்பின் பற்களுக்கிடையே எண்ணெய் இல்லாவிட்டால் அது காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருக்குமே தவிர எண்ணெயை உறிஞ்சாது. ஆகவே தப்பெட் மூடி வழியாகக் கேமின்மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விடுங்கள். சாவியை அணைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிக்கை நாற்பது ஐம்பது முறை நிதானமாக மிதியுங்கள். பிளக் இல்லாததால் சுமையின்றிக் கிராங்க் சுழலும், பம்பும் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகே பிளக்கைப் பூட்டி முடுக்குங்கள்.

அப்படியும் எண்ணெய் வராவிட்டால் பம்பின்மேல் பழி போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. சென்ற ஆண்டு என் பட்டறைக்கு வந்த ஒரு மோட்டாரில் பம்ப் புத்தம் புதிது. தலையைத் திறந்தால் கேமின் மூக்கு சூடேறி நீலம் பாய்ந்திருந்தது, ராக்கரின் முகம் குழி விழுந்திருந்தது. சிலிண்டரின் அடியில், எண்ணெய் ஏறும் துவாரத்தில், பட்டாணி அளவுக்குச் சிலிகோன் பசை உருண்டு அடைத்துக்கொண்டிருந்தது. இரு பாகங்களுக்கிடையே வைக்கும் கேஸ்கெட் கசியக்கூடாது என்று அள்ளி அப்பியவர் செய்த வேலை அது. அந்த மோட்டார்க்காரர் இரண்டு பட்டறைகளுக்கும் சேர்த்து 700 வெள்ளிக்குமேல் இழந்திருந்தார். கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டு வழியை மூடுவது, துவாரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தை விட்டுவிடுவது, அடியிலுள்ள சல்லடையைக் கழுவாமலே பூட்டுவது ஆகியவையும் அடிக்கடி நடக்கின்றன. இவற்றில் எதையும் பெரிய பம்ப் சரிசெய்யாது.

மீட்டர் வைக்கச் சொன்னவரிடம், அதை உங்கள் எஞ்சினில் எந்த இடத்தில் பொருத்துவார், அது காட்டுவதை எந்தச் சரியான அளவோடு ஒப்பிடுவார் என்று கேளுங்கள். தோட்டத்துக்கும் பட்டறைக்கும் நடுவே நின்று மோட்டாருக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவர்களை நான் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். பேருந்து சரியாக வராத தோட்டங்களில் மோட்டார் நின்றால் வேலைக்குப் போக முடியாது என்ற பயத்தை வைத்தே அவர்கள் பிழைக்கிறார்கள். அவர்கள் மலிவாகக் கொண்டுவரும் எண்ணெயையும் வாங்காதீர்கள். புட்டியில் ஜாசோ எம்ஏ என்ற, மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கான ஜப்பானியத் தரக் குறி இருக்க வேண்டும், காலிப் புட்டியை வெட்டிவிட்டே எறிய வேண்டும், இல்லாவிட்டால் அதே புட்டியில் போலி எண்ணெய் நிரம்பித் திரும்பி வரும்.

சோதனையில் எண்ணெய் வரவில்லை என்றால், அதைக் கைப்பேசியில் படமெடுத்து, ஓவர்ஹால் செய்த அதே பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் மனுவை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும், விசாரணைக்காக ஒருநாள் சம்பளத்தை இழந்து ஈப்போவரை போக வேண்டும் என்பதால் தோட்டத்து மக்களில் மிகச் சிலரே அங்கே போகிறார்கள். பட்டறைக்காரர் ரசீது கொடுக்காமலே தப்பிக்க முடிகிற இந்த நிலை இத்தனை ஆண்டுகளாகியும் மாறவில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. நீங்கள் கொடுத்த 480 வெள்ளிக்கு ரசீது இல்லையென்றால், மோட்டாரைத் தொடுவதற்கு முன்பே அந்தப் பட்டறைக்குப் போய், என்னென்ன மாற்றினார்கள் என்பதைத் தேதியோடும் முத்திரையோடும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.