நேற்று வரை கூடத் தைத்தவர்களுக்கு இன்று சூப்பர்வைசர்: இந்த வேலையை எப்படிக் கற்றுக்கொள்வது?

டைலராக இருந்து, ஒரு லைனை, அதாவது ஒரு வரிசைத் தையல் மிஷின்களை, பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் ஆகியிருக்கிறீர்கள். கூடத் தைத்தவர்களிடம் எப்படி வேலை வாங்குவது, இதற்கென்று ஏதாவது பயிற்சி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டிவிட்டுத்தான் சூப்பர்வைசர் ஆனேன்.

முதல் இரண்டு மாதம் நான் சூப்பர்வைசராகவே இல்லை. எங்கே பண்டல் (தைக்க வேண்டிய துணிக்கட்டு) தேங்கினாலும் நானே அந்த மிஷினில் உட்கார்ந்து தைத்துத் தள்ளுவேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதான். நான் ஒரு மிஷினில் குனிந்திருந்த அரை மணி நேரத்தில் லைனின் மறுகோடியைப் பார்க்க ஆள் இல்லை. அப்படி ஒருநாள் எல் சைஸ் பீஸில் எம் சைஸ் லேபிள் ஏறிப்போய், அத்தனையையும் பிரித்துத் தைத்தோம்.

அதைவிட வருத்தமான ஒன்று உண்டு. ஓர் அக்கா தைத்த பீஸ்களில் தையல் விட்டு விட்டு விழுந்தது. எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன். மெக்கானிக் வந்து பார்த்தால், அடியில் நூலைக் கோக்கும் லூப்பர் ஊசியோடு சேரும் டைமிங் மாறியிருந்தது. மிஷின் சரியில்லை என்று காலையிலேயே அந்த அக்கா என்னிடம் சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை. இரண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்ததும், திட்டிய அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். தைப்பதைப் போல இதையும் ஒரு தொழிலாகக் கற்றாக வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பயிற்சி இருக்கிறது. 'டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி', சுருக்கமாக டிடபிள்யூஐ. 1940-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. போர்க்காலத்தில் கைதேர்ந்த ஆட்கள் ராணுவத்துக்குப் போய்விட, ஆலையையே பார்த்திராதவர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சீக்கிரம் தொழில் பழக்கிவிட சூப்பர்வைசர்களைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. ஒரு வகுப்புக்குப் பத்துப் பேர் அளவில், இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து வகுப்பு, அவ்வளவுதான். 1945-க்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள். போருக்குப் பிறகு ஜப்பானுக்குப் போனது, டொயோட்டாவும் எடுத்துக்கொண்டது. வேலை கற்றுக்கொடுப்பது, வேலைமுறையைச் சீராக்குவது, ஆட்களோடு நடந்துகொள்வது என்று அதில் முக்கியமாக மூன்று பாடங்கள்.

அந்த வகுப்பில், மின்வயரில் போடும் ஒரு முடிச்சை ஆசிரியர் முதலில் வாயால் மட்டும் விளக்குவார், யாருக்கும் போட வராது. அடுத்து வாய் திறக்காமல் போட்டுக் காட்டுவார், அப்போதும் வராது. அதற்குப் பிறகுதான் சரியான முறையில் சொல்லிக்கொடுப்பார். நாம் லைனில் செய்வதை யோசித்துப் பாருங்கள். “இப்படித் தைம்மா” என்று ஒருமுறை வேகமாகத் தைத்துக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பனியன் கழுத்தில் நெக் ரிப் என்ற பட்டியை வைப்பதையே எடுத்துக்கொள்வோம். ரிப்பின் ஜாயிண்ட் எங்கே வர வேண்டும், ரிப்பிலும் கழுத்திலும் நான்கு சம பாகமாகப் பிரித்துப் போட்ட மார்க் எப்படி ஒன்றோடொன்று சேர வேண்டும், இழுக்க வேண்டியது ரிப்பை மட்டும், பாடித் துணியை (பனியனின் உடல் பகுதியை) அல்ல. இந்த மூன்றையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். பாடித் துணியை இழுத்தால் கழுத்து அலை அலையாக நிற்கும் என்று அப்படி ஆன ஒரு பீஸைக் கையில் கொடுத்துக் காட்டினால் கற்றுக்கொள்ளும் பெண் மறக்கவே மாட்டாள். அப்புறம் அவளைத் தைக்கவிட்டு, ஏன் அப்படிச் செய்கிறாள் என்று அவள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் மொழி புரியாமலும் தலையாட்டுவார்கள். தைத்துக் காட்டுவது மட்டும்தான் கணக்கு. முதல் பண்டல் முடியும்வரை அடிக்கடி போய்ப் பாருங்கள், பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

ஆட்களோடு நடந்துகொள்வதற்கு டிடபிள்யூஐயில் சொல்லும் முதல் படி, நடந்ததை முழுதாகத் தெரிந்துகொள்வது. முடிவெடுப்பது அதற்குப் பின்னால்தான். அந்த அக்காவிடம் நான் தவறவிட்டது இதைத்தான். மாற்றம் எதுவானாலும் பாதிக்கப்படப் போகிறவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. நாளைக்கு ஸ்டைல் மாறுகிறது, ஒருவரை வேறு மிஷினுக்கு மாற்றுகிறீர்கள் என்றால் இன்று மாலையே அவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். நேற்று வரை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவர், காலையில் வந்து தன் மிஷினில் வேறு ஆளைப் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று. ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆட்கள் பெயர், மேலே லைனில் உள்ள வேலைகள். யாருக்கு எது தெரியுமோ அங்கே டிக் போடுங்கள். ஒரே ஒரு டிக் இருக்கும் வேலை எது என்று பாருங்கள். அந்த ஆள் லீவு போடும் நாளில் லைன் நிற்கும், நீங்களே உட்கார்ந்து தைக்க வேண்டிவரும். கற்றுக்கொடுப்பதை அங்கிருந்து தொடங்குங்கள். அது எந்த வேலை என்று இங்கே எழுதினால், நெக் ரிப்பைப் பிரித்துச் சொன்னது போல அதையும் சேர்ந்து பிரித்து எழுதிப் பார்க்கலாம்.