கூச்சி சுரங்கத்துக்குள் அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து குடும்பத்தோடு வியட்நாம் போகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி. கூச்சி சுரங்கத்தில் இறங்க முடியுமா?

பதில்: இடத்துக்குக் கூட்டிப்போங்கள், குழிக்குள் மட்டும் இறக்காதீர்கள்.

சுரங்கம் என்றதும் வண்ணாரப்பேட்டை மெட்ரோவை நினைத்துவிட வேண்டாம். இது போர்க்காலத்தில் வியட்நாம் போராளிகள் ஒளிந்திருக்க மண்ணுக்கடியில் தோண்டிய குறுகலான வழி. சுற்றுலாப் பயணிகளுக்காக அகலப்படுத்திய பகுதியிலேயே நிமிர முடியாது. போகப்போக இன்னும் குறுகும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சாப்பாட்டு மேசைக்கு அடியில் குந்தியபடியே இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நகருங்கள். முதல் வெளிவாசல் ஏறக்குறைய அந்தத் தூரத்தில், 20 மீட்டரில், வரும். மொத்தம் 100 மீட்டர் போகலாம். முதல் வாசலிலேயே ஏறிவிட்டாலும் ஒரு குறைச்சலும் இல்லை.

ஆட்கள் பதறுவது குறுகலால் மட்டுமல்ல, வரிசையாலும்தான். முன்னால் ஒருவர் போட்டோவுக்கு நின்றால், பின்னால் பத்துப் பேர் வியர்வையில் அடைபட்டுக் கிடப்பார்கள். திரும்பவும் முடியாது. அதனால் முந்தைய குழு வெளியேறும்வரை பொறுத்து, வழிகாட்டிக்கு அடுத்த ஆளாக இறங்குங்கள். பையை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். சட்டைப்பையில் போன் வேண்டாம், குனிந்ததும் விழும்.

இலைக்குள் மறைத்த மரமூடித் துளையில் இறங்க ஆசைப்பட்டால், முதலில் காலை விட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நேராகத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் தோள் சிக்கிக்கொள்ளும்.

அம்மாவுக்கு மேலேயே நிறைய இருக்கிறது. புகை வெளியே தெரியாமல் போராளிகள் சமைத்த ஹோவாங் காம் அடுப்பை அவசியம் காட்டுங்கள். புகையை நீளமான மண்வாய்க்காலில் அறை அறையாக ஓடவிட்டு ஆறவைத்து, தரையோடு மெல்லக் கசியவிடுவார்கள். விடியற்காலை மூடுபனியோடு கலந்துவிடுவதால் எதிரி விமானத்திலிருந்து தெரியாது. காற்றுத் துளைகளைக் கறையான் புற்றுபோல மறைத்திருப்பார்கள். 1940களில் பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகத் தோண்டத் தொடங்கி, 1960களில் சுமார் 250 கிலோமீட்டர் நீண்ட வலை இது. காய்ந்தால் கல்லாகும் செங்களி என்பதால் நின்றது. நம்ம கடலோர மணலில் தோண்டினால் அன்றைக்கே சரிந்திருக்கும்.

பென் டின், பென் டுவாக் என்று இரண்டு இடங்கள். ஹோ சி மின் நகரத்துக்குப் பக்கம் பென் டின், கூட்டமும் அங்கேதான். சற்றுத் தள்ளியிருக்கும் பென் டுவாக்கில் நிதானமாகப் பார்க்கலாம். டூர் கட்டணத்தில் நுழைவுச்சீட்டு சேர்ந்திருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு.

வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் தொட்டுக்கொள்ள வேர்க்கடலைப் பொடியும் தருவார்கள். பக்கத்திலேயே துப்பாக்கி சுடும் திடல் இருக்கிறது, சத்தம் பலமாகக் கேட்கும். அம்மாவுக்குக் கொஞ்சம் பஞ்சு எடுத்துப்போங்கள்.