யோசனை வறண்டுபோனால் புதிதாக வரைய உங்களுக்கு ஊக்கம் எங்கிருந்து கிடைக்கிறது?

நான் துணிகளுக்கு டிசைன் வரைந்து பிழைப்பவன், அதனால் இந்த வறட்சி எனக்கு அடிக்கடி வரும். அப்போது பின்டரெஸ்ட்டைத் திறப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். அங்கே இருப்பதெல்லாம் யாரோ முடித்துவைத்த படம், அதைப் பார்த்தால் அதே மாதிரி இன்னொரு படம்தான் வரும். கையால் செய்த பொருளில், செய்தவருக்கு எங்கே இடித்தது, அதை எப்படிச் சமாளித்தார் என்பது தெரியும். எனக்கு வேண்டியது அந்தச் சமாளிப்புதான்.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாக வகிர்ந்து, பருத்தி நூல் பாவில், அதாவது நீளவாக்கில் கட்டிய இழைகளில், ஊடையாக, அதாவது குறுக்கிழையாகக் கொடுத்து நெய்கிறார்கள். பாவும் நேர்கோடு, கோரையும் நேர்கோடு, அப்புறம் வளைவுக்கு எங்கே போவது? பூவோ மயிலோ, கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரோ, எல்லாம் படிப்படியாக ஏறி இறங்கித்தான் வரவேண்டும். நம் எழுத்தில் சுழிக்கா பஞ்சம்! அந்தச் சுழி ஒவ்வொன்றும் பாயில் குட்டிப் படிக்கட்டாக நிற்பதைப் பார்த்த பிறகுதான் கட்டம்போட்ட தாளில், வளைகோடே இல்லாமல் வரைய ஆரம்பித்தேன். மவுஸை இழுத்தால் எந்த வளைவும் வந்துவிடுகிற வசதிதான் என்னைச் சோம்பேறியாக்கி வைத்திருந்தது என்று நினைக்கிறேன். நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கருப்புமாகப் போடும் பூத்தையலும் இதே ரகம்தான், முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை, துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி போகும்.

பழைய பித்தளைச் சாமான் கடைகளில் பாக்குவெட்டி கிடைத்தால் விடாதீர்கள். கிளி, குதிரை என்று என்னென்னவோ உருவங்களில் செய்திருக்கிறார்கள். பாக்கு நறுக்கக் கிளி எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, ஆனால் பிடியும் கீலும் எங்கே வரவேண்டும் என்பது முதலில் முடிவாகி, மிச்சமிருக்கும் இடத்தில் கிளி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள், அது ஒரு பாடம்.

நிறத்துக்கு நான் போவது வேலியோரம். பிரண்டையின் நாலு பட்டைத் தண்டு, நாவல் பழக் கறை எல்லாம் சரி, எனக்குப் பிடித்தது சப்பாத்திக்கள்ளிப் பழம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி, இங்கே பொட்டல் காடெல்லாம் தன் வீடாக்கிக்கொண்டது. பழத்தின்மேல் இருக்கும் பூமுள் கண்ணுக்கே தெரியாது, வெறுங்கையால் தொடாமல் தரையில் நன்றாக உரசிவிட்டுப் பிளக்க வேண்டும், உள்ளே இருக்கும் முள்ளையும் எடுத்துவிட வேண்டும். அந்த ரத்தச் சிவப்பு கலந்த ஊதாவை எந்தக் கலர் கார்டிலும் நான் பார்த்ததில்லை. அதைக்கொண்டு துணிக்குச் சாயம் ஏற்றிவிடலாம் என்று கிளம்பாதீர்கள், வெயில் பட்டால் வெளுத்துவிடும். வாட்டர்கலரில் அந்த நிறத்தைக் கலந்து குறித்துக்கொண்டு பழத்தைச் சாப்பிட்டுவிடுங்கள்.