கமராவும் மலையகமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மழைக்காலம் முழுவதும் தோற்பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்திருந்த கமராவை எடுத்துப் பார்த்தபோது, லென்ஸின் உட்புறத்தில் சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தன. துடைத்தும் போகவில்லை. புதிய லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: நீங்கள் கண்டது பூஞ்சணம். உட்கண்ணாடியில் வளர்ந்திருப்பதால் வெளியில் எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சி மறுபக்கத்தால் பாருங்கள். இழைகள் விளிம்போடு நின்றிருந்தால் சாதாரணப் படங்களில் வித்தியாசம் தெரியாது. சூரியனை நோக்கி எடுப்பவை மட்டும் சற்று வெளிறிப்போகலாம். நடுப்பகுதிவரை பரவியிருந்தால் திருத்துநரிடம் கொடுத்துப் பிரித்துத் துப்புரவாக்க வேண்டும். கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்திருந்தால், துப்புரவாக்கிய பின்னரும் தழும்பு இருக்கும். உங்களுடையது கமராவுடன் சேர்த்து விற்கப்படும் 18–55 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால், பாவித்த லென்ஸ் ஒன்றின் விலையை விசாரித்துவிட்டுத் திருத்தக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

இதற்குக் காரணம் அந்தத் தோற்பையும் அலுமாரியுந்தான். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அலுமாரிக்குள் வெளிச்சமும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. காற்றின் ஈரப்பதன் 60 சதவீதத்துக்கு மேல் நீண்டநாள் இருந்தாலே பூஞ்சணத்துக்குப் போதுமானது. மலையக வீடுகளில் மழை மாதங்களில் அது அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். இறப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் மணிகளையும் சிறிய ஈரப்பதன்மானி ஒன்றையும் இட்டு, 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். மணிகள் நிறம் மாறினால் மெல்லிய சூட்டில் வறுத்து மீண்டும் பாவிக்கலாம். ஆனால் சமையல் தாச்சியில் வறுக்க வேண்டாம், ஏனெனில் நீலநிற மணிகளில் சேர்க்கப்படும் கோபால்ட் உப்பு நஞ்சாகும். பூச்சி உருண்டை போடும் வழக்கத்தைச் சிலர் இன்னமும் விடவில்லை. அது ஈரத்தை எடுப்பதில்லை, அதன் ஆவி கண்ணாடியில் படியவுங்கூடும். எல்லாவற்றையும்விட, கமராவை வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படம் பிடிப்பது நல்லது.

கேள்வி: ஹோர்ட்டன் சமவெளியில் மூடுபனியை எடுத்தால் எல்லாப் படங்களும் சாம்பல் நிறத்தில் வருகின்றன. கண்ணால் கண்ட வெண்மை படத்தில் இல்லை. கமராவில் கோளாறா?
– வாசகர், ஹட்டன்

பதில்: கோளாறு ஏதுமில்லை. காட்சி எதுவானாலும் அது சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்ற கணக்கிலேயே கமராவின் ஒளிமானி அளவெடுக்கிறது. வெள்ளைப் பனி சட்டகத்தை நிறைக்கும்போது, வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று கருதி அது ஒளியைக் குறைத்துவிடுகிறது. கூட்டல், கழித்தல் குறியுள்ள பொத்தானை அழுத்தி மூன்றில் இரண்டு முதல் ஒரு நிறுத்தம்வரை (ஒரு நிறுத்தம், stop, என்பது ஒளியை இருமடங்காக்கும் படி) கூட்டிக்கொடுங்கள். திரையில் தெரியும் படத்தை நம்பாமல் இடப்பக்கம் இருளையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் காட்டும் ஒளிவரைபடத்தை (histogram) பாருங்கள். மேடு வலப்பக்கம் நகர்ந்து, விளிம்பில் முட்டாமல் நிற்க வேண்டும். தானியங்கிக் குவியம் பனியில் பிடி கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடும். அருகிலுள்ள மரத்தண்டின் விளிம்பில் குவித்துவிட்டுக் கைமுறைக்கு மாற்றிக்கொள்வது நல்லது. இருண்ட மரம் ஒன்று முன்னால் நின்றால்தான் பனிக்கே ஆழம் வருகிறது என்பதால், வெறும் பனியை மட்டும் எடுக்காதீர்கள்.

அங்கே சுமார் 2,100 மீற்றர் உயரத்தில் ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. குளிரில் பற்றரி விரைவில் இறங்கிவிடும். மேலதிகப் பற்றரியை உள்சட்டைப் பையில் உடல் சூட்டோடு வைத்திருங்கள். குளிர்ந்த கமராவோடு வான் வண்டிக்குள் ஏறினால் பயணிகளின் மூச்சுக்காற்றின் ஈரம் அதில் படிந்துவிடும். ஆகையால் ஏறுவதற்கு முன்னரே பொலித்தீன் பையில் இட்டு இறுகக் கட்டி, அது சூடேறிய பின்னரே வெளியே எடுங்கள். சமவெளியின் விளிம்பில் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் செங்குத்துப் பாறையான உலக முடிவை (World's End) நோக்கிச் செல்பவர்கள் வாயில் திறக்கும் நேரத்திலேயே உள்ளே போய்விட வேண்டும், ஏனெனில் பெரும்பாலான நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்குள் அந்தப் பள்ளத்தாக்கை மேகம் மூடிவிடுகிறது.

கேள்வி: கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. கமராவை மாற்றுவதா, 70–300 லென்ஸ் வாங்குவதா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: இரண்டையும் தள்ளிப்போடுங்கள் என்பேன். முதலில் உறுதியான முக்காலி ஒன்றும், லென்ஸின் முன்னால் பூட்டும் முனைவாக்கி வடிகட்டி (polarizer) ஒன்றும் வாங்குங்கள். மழை நின்றவுடன் தேயிலை இலைகளில் வானத்தின் வெண்பளபளப்பு படிந்து பச்சையை மறைத்துவிடும். வடிகட்டியை மெதுவாகத் திருப்பினால் அந்தப் பளபளப்பு மறைந்து கொழுந்தின் இளம்பச்சை வேறாகவும் முற்றிய இலையின் கரும்பச்சை வேறாகவும் தெரிவதைப் பார்ப்பீர்கள். கணினியில் பின்னர் என்ன செய்தாலும் இது கிடைக்காது. ஒன்றரை முதல் இரண்டு நிறுத்தம் ஒளியை அது விழுங்கிவிடுவது, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள டெவன், சென். கிளயர் நீர்வீழ்ச்சிகளில் கால் வினாடி, அரை வினாடி என்று கமராவின் மூடியை (shutter) மெதுவாக்க உதவியாகவே அமையும். வாங்கும்போது லென்ஸின் முன்விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும் விட்ட அளவைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் மலையகம் வருகிறோம். எந்தப் பக்கம் போகலாம்? ட்ரோன் கொண்டுவரலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கும்போது, மலைக்கு மறுபுறமுள்ள ஊவாவில் காற்று வறண்டு வீசும். எனவே ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று திட்டமிடுங்கள். 1921இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைத் தண்டவாளத்தில் நின்று எடுக்காமல், எதிர்ச் சரிவில் ஏறி எடுத்தால்தான் வளைவுகள் எல்லாம் சட்டகத்துக்குள் வரும். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்; அதற்கு அலைய மனமில்லாவிட்டால் வீட்டிலேயே விட்டுவாருங்கள்.

கேள்வி: கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுக்கச் சென்றபோது பணம் கேட்டார்கள். கொடுப்பது முறையா?
– வாசகர், கொழும்பு

பதில்: கேட்டதில் என்ன தவறு? நிர்ணயித்த நிறை எடுக்காவிட்டால் முழுப் பேர் (முழுநாள் சம்பளம்) விழாமல் அரைப் பேரோடு நின்றுவிடும் வேலை அது. உங்களுக்காக நிமிர்ந்து நின்று சிரிக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களின் நிறையில் குறைகிறது. தோட்ட அலுவலகத்திலும் கங்காணியிடமும் சொல்லிவிட்டுப் போவது வேறு, அந்தப் பெண்ணிடமே கேட்பது வேறு, இரண்டும் வேண்டும். கேட்டவருக்கு மனமுவந்து கொடுங்கள். ஆனால் வேலையை நிறுத்தாமல் எடுத்த படமே படமாக இருக்கும் என்பது என் துணிபு. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்நுனிகள், இடுப்பில் சுற்றிய படங்கு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கும் கண்கள் என்று அங்கே எடுப்பதற்கு எவ்வளவோ இருக்க, சிரித்த முகமும் கூடையுமாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று போதும். தூரத்திலிருந்து பெரிய லென்ஸால் களவாக எடுக்க வேண்டாம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசல் என்பது ஒருவருடைய வீட்டு வாசல் என்பதையும் நினைவில் வையுங்கள். படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: உலகப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஒருவரின் கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறதாமே?
– மாணவி, நோர்வூட்

பதில்: உண்மைதான். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அந்தப் பெண்மணிக்கு 1863இல், 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்ததுதான் முதல் கமரா. தொழில்முறைப் பயிற்சி எதுவுமின்றித் தொடங்கியவர். குவியம் சரியில்லை என்று அக்காலத்து வல்லுநர்கள் குறைகூறிய அந்த மென்மையான முகப்படங்களே இன்று அவருடைய பெருமையாகப் பேசப்படுகின்றன. கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875இல் இலங்கைக்கு வந்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் விட வேண்டும். அந்தச் சிரமத்தோடு அவர் இங்கே எடுத்தவற்றுள் எஞ்சியவை சொற்பமே. அவற்றில் தோட்டத் தொழிலாளர்களின் உருவப்படங்களும் உண்டு. 1879இல் டிக்கோயாப் பகுதியின் கிளென்கெயார்ன் தோட்டத்தில் காலமானார். மறு ஆண்டு இறந்த கணவரும் அவருக்கு அருகிலேயே, பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். நோர்வூட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரந்தான். ஞாயிறு ஆராதனை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள், ஆலயத்துக்குள் படமெடுப்பதாயின் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.