40-40க்கு அப்புறம் ஒரே பாயிண்ட்: இரட்டையர் ஆட்டத்துக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. தோழியோடு சேர்ந்து ஜூனியர் டென்னிஸில் இரட்டையர் ஆடத் தொடங்கியிருக்கிறாள். சென்னை ஓபனில் மகளிர் இரட்டையர் ஆட்டங்களைப் பார்த்தோம். 40-40 ஆனதும் ஒரே பாயிண்டில் கேம் முடிந்துவிடுகிறது. ஆளுக்கொரு செட் ஜெயித்தால் மூன்றாவது செட்டே கிடையாது. விம்பிள்டனில் இப்படி இல்லையே? மகள் ஆடும் போட்டிகளிலும் இதே முறைதான் என்கிறார்கள். என்ன பயிற்சி செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் கவனித்தது சரி. சென்னை ஓபன் போன்ற டபிள்யூடிஏ (மகளிர் டென்னிஸ் சங்கம்) போட்டிகளின் இரட்டையர் ஆட்டங்களில் அட்வான்டேஜ், அதாவது 40-40க்குப் பிறகு தொடர்ந்து இரண்டு பாயிண்ட் எடுக்க வேண்டும் என்ற முறை, கிடையாது. 1-1 என்று செட் சமமானால் 10 பாயிண்ட் டை-பிரேக் ஆடி முடித்துவிடுவார்கள். ஆட்டம் எவ்வளவு நேரம் போகும் என்று ஓரளவு கணிக்க முடிய வேண்டும், ஒற்றையர் ஆடுகிறவர்களும் களைத்துப்போகாமல் இரட்டையருக்கு வர வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்த முறை இது. விம்பிள்டன் இன்னும் பழைய வழியில்தான் போகிறது. அங்கே 2025 மகளிர் இரட்டையர் இறுதியில் வெரோனிகா குதெர்மெடோவா – எலிஸ் மெர்டென்ஸ் ஜோடி 3-6, 6-2, 6-4 என்று மூன்று முழு செட் ஆடித்தான் கோப்பையை வென்றது.

முதலில் 40-40 விஷயம். நடுவர் ‘டிசைடிங் பாயிண்ட், ரிசீவர்ஸ் சாய்ஸ்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பந்தை எந்தப் பக்கத்தில் வாங்குவது, வலமா இடமா என்று ரிட்டர்ன் ஜோடி, அதாவது சர்வை வாங்கித் திருப்பி அடிக்கிற ஜோடி, முடிவு செய்யலாம். ஆனால் அந்த ஒரு பாயிண்டுக்காகத் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ள முடியாது. அந்த செட்டில் வலப்பக்கம் வாங்குகிறவள் வலப்பக்கம்தான் வாங்க வேண்டும். ஆகவே பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் ஆளைத் தேர்ந்தெடுப்பது என்றே அர்த்தம். ஜூனியர் ஜோடிகள் இதை யோசித்து வைத்திருப்பதில்லை. 40-40 ஆனதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அப்புறம் யாராவது ஒருத்தி பதற்றத்தில் கையைக் காட்டுவாள்.

இதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைக்கச் சொல்லுங்கள். பொதுவாக நன்றாக ஆடுகிறவளைவிட, அன்றைக்கு ரிட்டர்னை ஒழுங்காக உள்ளே போடுகிறவள்தான் வாங்க வேண்டும். சர்வ் செய்பவளையும் பாருங்கள். இடப்பக்கம் அகலமாக வரும் சர்வில் உங்கள் மகள் அந்த செட்டில் இரண்டு தடவை தடுமாறியிருந்தால், அவள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் வலப்பக்கத்தைத்தான் கேட்க வேண்டும். சர்வ் செய்யும் பக்கம் இருந்தால் என்னுடைய யோசனை ஒன்றுதான்: வேகத்தைக் குறைத்தாவது முதல் சர்வை உள்ளே போடட்டும், உடம்பை நோக்கியோ நடுக்கோட்டை ஒட்டியோ. ரிட்டர்னுக்கான கோணம் சுருங்கும், நெட்டில் நிற்கிற பார்ட்னர் குறுக்கே பாய்ந்து அடிக்க வழி கிடைக்கும்.

அடுத்தது 10 பாயிண்ட் டை-பிரேக். 10 எடுத்தால் மட்டும் போதாது, இரண்டு பாயிண்ட் முன்னிலையும் வேண்டும். எந்த ஜோடி முதலில் சர்வ் செய்வது என்பது ஆட்டத்தின் வழக்கமான வரிசைப்படியே வரும். ஆனால் புது செட் தொடங்கும்போது போலவே, ஜோடிக்குள் யார் முதலில் சர்வ் செய்வது, யார் எந்தப் பக்கம் வாங்குவது என்பதை மாற்றிக்கொள்ளலாம். பல குழந்தைகளுக்கு இந்த உரிமை இருப்பதே தெரியாது.

அது எவ்வளவு உதவும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் சர்வ் உங்கள் மகளின் ஜோடிக்கு என்று வைத்துக்கொள்வோம். முதலில் சர்வ் செய்கிறவளுக்கு 1, 8, 9, 16, 17ஆம் பாயிண்ட்கள் வரும். அவள் பார்ட்னருக்கு 4, 5, 12, 13. எதிர்ஜோடியில் ஒருத்திக்கு 2, 3, 10, 11, இன்னொருத்திக்கு 6, 7, 14, 15. ஆட்டம் 10-7 என்று முடிந்தால் மொத்தம் 17 பாயிண்ட். முதலில் சர்வ் செய்தவளுக்கு ஐந்து சர்வ், மற்ற மூவருக்கும் நான்கு நான்கு. அதிலும் நெருக்கமான கட்டமான 16, 17 அவள் கையில். அதனால் சர்வ் நம்பகமானவள் முதலில் போகட்டும்.

வரிசை குழம்பினால் சண்டை வேண்டாம், விதி தெளிவாகவே இருக்கிறது. தவறான ஆள் சர்வ் செய்வது கேமின் நடுவில் தெரிந்தால் உடனே சரியான ஆள் தொடர வேண்டும், ஆடிய பாயிண்ட்கள் அப்படியே நிற்கும். கேம் முடிந்த பிறகு தெரிந்தால் அந்த செட் முழுக்க மாறிய வரிசைதான். ரிட்டர்னில் பக்கம் மாறி நின்றிருந்தால் அந்த கேம் முடியும்வரை அப்படியே ஆடிவிட்டு, அடுத்து ரிட்டர்ன் செய்யும் கேமில் பழைய இடத்துக்குப் போக வேண்டும். இன்னொன்று: எதிராளியின் சர்வ் தரையில் படும் முன் நெட்டில் நிற்கிற உங்கள் மகள் மேல் பட்டுவிட்டால் பாயிண்ட் எதிராளிக்குத்தான். விலகி நிற்கப் பழக்குங்கள்.

முடிந்தவரை ஒரே தோழியோடு ஆடவிடுங்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2022 சென்னை ஓபனில் கேப்ரியலா டப்ரோவ்ஸ்கியும் லூயிசா ஸ்டெஃபானியும் நுங்கம்பாக்கத்தில் கோப்பை வென்றார்கள். ஸ்டெஃபானி முந்தைய ஆண்டு அமெரிக்க ஓபன் அரையிறுதியில் முழங்காலில் அடிபட்டு, ஏறக்குறைய ஒரு வருடம் ஆடாமல் இருந்து திரும்பியவர். அடிபட்டபோது கூட ஆடிய அதே பார்ட்னரோடு வந்தார். இறுதி ஆட்டம் 6-1, 6-2.

பயிற்சிக்கு: வாரத்தில் ஒரு நாளாவது எல்லா கேமையும் 40-40இல் இருந்தே தொடங்கி ஒரு செட் ஆடச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு 10 பாயிண்ட் டை-பிரேக். ஒவ்வொரு போட்டிக்கும் பெயர் கொடுக்கும் முன் அதன் ஃபேக்ட் ஷீட்டில் (போட்டி விவரத் தாள்) இரட்டையருக்கு என்ன முறை என்று பார்த்துவிடுங்கள், எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது.