நடந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு 64 வயது. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கிறேன், பேப்பரில் வரும் குறுக்கெழுத்தையும் விடாமல் போடுகிறேன். மகன்கள் இருவரும், "பையைத் தூக்காதீங்க, மாடி ஏறாதீங்க, சும்மா இருங்கம்மா" என்கிறார்கள். இது போதாதா? இந்த வயதில் புதிதாக என்ன பழகிவிட முடியும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது அம்மா. நடையை விட்டுவிடாதீர்கள், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்லது. ஆனால் வருடக்கணக்காக அதே தெரு, அதே வேகம், அதே அரை மணி என்றால் உடம்புக்கு அது பழகிப்போயிருக்கும். பழகின வேலைக்காக உடம்பு புதிதாகத் தசையை வளர்க்காது. முப்பதைத் தாண்டினாலே தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கிறது, அறுபதுக்கு மேல் அது வேகம் பிடிக்கிறது. நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றுகிறீர்களா என்று இன்றைக்கே கவனியுங்கள். ஊன்றினால், தொடையில் பலம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வயதில் முடியுமா என்று கேட்டீர்கள். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. வயது 86 முதல் 96 வரை. வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம், உட்கார்ந்தபடி காலை நீட்டி எடை தூக்கினார்கள். பெயருக்கு ஒரு எடை இல்லை. ஒருவர் ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடை எதுவோ, அதில் 80 சதவீதம் வரை போனார்கள். பலம் கூடக் கூட எடையையும் ஏற்றினார்கள். ஒன்பது பேர் கடைசி வரை செய்தார்கள். அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. நீங்கள் கணக்கு டீச்சர், கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் பயிற்சியை நிறுத்திய நாலே வாரத்தில், அவர்களுடைய அதிகபட்ச பலத்தில் ஒரு நல்ல பங்கு, 32 சதவீதம், போய்விட்டது. எனக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியமாகப் படுகிறது. ஒரு முறை சம்பாதித்து வைத்துக்கொள்கிற சொத்து இல்லை இது.

உலக சுகாதார நிறுவனமும் நடையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியையும் சேர்த்து மூன்று நாள் செய்ய வேண்டும் என்கிறது. நீங்கள் நாற்காலியிலேயே ஆரம்பிக்கலாம். கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருங்கள். பத்து தடவை சுலபமாகிவிட்டதா, உயரம் குறைந்த ஆசனத்துக்கு மாறுங்கள். அதுவும் சுலபமாகிவிட்டால் கைக்கொரு தண்ணீர் பாட்டில். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், கஷ்டமே இல்லையென்றால் அன்றைக்குப் பயிற்சி நடக்கவில்லை. சுவரோரமாக ஒற்றைக்காலில் நின்றும் பழகுங்கள். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, மூட்டுவலி ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு.

இனி உங்கள் மகன்களுக்கு. விண்வெளி வீரர்களுக்கு மேலே எடை என்பதே தெரியாது. பாரம் தாங்குகிற எலும்புகளில் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை கரையும். அதனால்தான் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். பையை வாங்கி வைத்து, மாடியைத் தடுத்து, அந்த எடையில்லாத நிலையை அம்மாவுக்கு வீட்டுக்குள்ளேயே உண்டாக்குகிறீர்கள் தம்பி. பாசம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அவர் காலைப் பிடுங்குகிறது. குளியலறையில் ஒரு கைப்பிடி போடுங்கள், படிக்கட்டில் நல்ல விளக்கு மாட்டுங்கள். ஏறுவதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

மூளைக்கு வருவோம். குறுக்கெழுத்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்றால் அது உங்களுக்குப் பொழுதுபோக்கு, அவ்வளவே. லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமானால், நகர மையத்தைச் சுற்றியுள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். படிக்க மூன்று, நான்கு வருடம் ஆகும். அப்படிப் படிக்கச் சேர்ந்த 79 பேரின் மூளையை ஆரம்பத்தில் ஸ்கேன் செய்து, பிறகு திரும்ப வந்தவர்களை மறுபடியும் ஸ்கேன் செய்து பார்த்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். தேறிய 39 பேருக்கு, நினைவுக்கான ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு அந்த மாற்றம் தென்படவில்லை. வளர்ந்த மூளை எல்லாம் பெரியவர்களுடையது, பள்ளிப் பிள்ளைகளுடையது அல்ல.

அதனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றை எடுங்கள். கணக்கு வேண்டாம், அது கைவந்த கலை. தெலுங்கு எழுத்துகள், வீணை, செஸ், எது வேண்டுமானாலும். வாரா வாரம் போன வாரத்தைவிடக் கொஞ்சம் கடினமான பாடம் இருக்கட்டும், தப்புகளைத் திருத்திச் சொல்ல ஒரு ஆள் இருக்கட்டும். முப்பது வருடம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவர் நீங்கள், இப்போது உங்கள் நோட்டை யாரிடமாவது நீட்டுங்கள்.